சுபேதார் பதில்கள்: டெவன்ஷயர்காரர்கள் காலி செய்யாத மோர்ச்சா

சென்ற இதழில், பிரான்ஸில் மகள் வீட்டுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதும்போது, அங்கே ஒரு போர்க் கல்லறையின் வாசலில் படித்ததைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன்: “இந்த மோர்ச்சாவை (பதுங்குகுழியை) டெவன்ஷயர்காரர்கள் பிடித்து நின்றார்கள், இன்னும் பிடித்து நிற்கிறார்கள்.” வழக்கமாக எனக்கு வருகிற கடிதமெல்லாம் பென்ஷன், கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் பற்றித்தான். இந்த முறை பாதிக்கு மேல் அந்தக் கல்லைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். பென்ஷன்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும். என் அரியரே இன்னும் வந்தபாடில்லை.

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை: அந்தக் கல் எங்கே இருக்கிறது? யார் அந்த டெவன்ஷயர்காரர்கள்? ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, ஐயா!

தப்புதான் அம்மா. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வட பிரான்ஸில் சோம் ஆற்றுப் பக்கம் ஆல்பெர் என்று ஓர் ஊர். அங்கிருந்து பெரோன் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் மாமெட்ஸ் கிராமம் வரும். ஊருக்கு எதிர்ப்புறம், ரோட்டை ஒட்டி ஒரு மேடு. மான்சல் தோப்பு என்று அன்றைய பிரிட்டிஷ் ராணுவ வரைபடத்தில் பெயர். படியேறிப் போனால் மரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு புல்தரை. இரண்டு வரிசையில் வெள்ளைக் கற்கள். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் கல் நிற்கும் பெரிய கல்லறைத் தோட்டங்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள்.

“ஏன் மாமா, இது இப்படி ஒல்லியாக நீண்டு கிடக்கிறது?” என்று மருமகன் கேட்டார். “பிணம் புதைக்க வெட்டின குழி இல்லை மாப்பிள்ளை. உயிரோடு இருந்தபோது அவர்கள் நின்ற மோர்ச்சா” என்றேன். பட்டாளத்தில் பதுங்குகுழியை நாங்கள் மோர்ச்சா என்றுதான் சொல்வோம். நாக்கு அதற்கே பழகிவிட்டது, மன்னிக்கவும்.

டெவன்ஷயர் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள மாவட்டம். அதன் பெயரில் 1685-இல் தொடங்கிய பழைய ரெஜிமென்ட் ஒன்று உண்டு. முதல் உலகப் போர் வந்ததும் பழைய பட்டாளம் போதாமல், தொண்டர்களாக வந்து சேர்ந்தவர்களைக் கொண்டு புதுப் பட்டாலியன்கள் எழுப்பினார்கள். எட்டாவது, ஒன்பதாவது டெவன்ஸ் அப்படி வந்தவை. 1916 ஜூலை 1-ஆம் தேதி காலை 7.30 மணிக்கு சோம் போர் தொடங்கியபோது, மாமெட்ஸ் கிராமத்தைப் பிடிக்கும் வேலையில் இந்த இரண்டுக்கும் பங்கு இருந்தது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்தால் 57,470. பிரிட்டிஷ் ராணுவத்தின் வரலாற்றில் அதைவிட மோசமான நாள் இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாமெட்ஸ் அன்று மாலைக்குள் பிடிபட்டுவிட்டது. நெடுகிலும் தோல்வி கண்ட அந்த நாளில் நினைத்தது நடந்த மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. டெவன்ஸ் ஜெயித்த தரப்பு. ஆனால் மான்சல் தோப்பைத் தாண்டும் சரிவில் அவர்கள் ஆட்கள் குவியலாகக் கிடந்தார்கள்.

ஜூலை மாத வெயில். மூன்று நாள் ஆகிவிட்டது. எட்டாவது டெவன்ஸின் பாதிரியார் எர்னஸ்ட் கிராஸ், 4-ஆம் தேதி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவில் கிடந்த உடல்களையெல்லாம் சேகரித்தார். புதுக்குழி தோண்ட நேரமில்லை, தெம்பும் இல்லை. தோப்புக்குள் அவர்களுடைய பழைய மோர்ச்சாவே நீளமாகத் திறந்து கிடந்தது. அதிலேயே கிடத்தி மண்ணைத் தள்ளி மூடி, ஜெபம் செய்தார். மேலே மரத்தில் ஒரு குறி நட்டார்கள். அதில் எழுதியதுதான் நான் சொன்ன வரி. மரம் காலத்தோடு போய்விட்டது. இப்போது வாசலில் இருக்கும் கல், போரின் 70-ஆம் ஆண்டில், 1986-இல், கென்ட் கோமகன் திறந்துவைத்தது. அதே வரியைத்தான் திரும்பப் பொறித்திருக்கிறார்கள்.

மொத்தம் 163 பேர். அதில் 10 பேர் யாரென்று தெரியாதவர்கள். இரண்டே பேர் தவிர எல்லோரும் எட்டாவது, ஒன்பதாவது டெவன்ஸைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஒவ்வொரு கல்லிலும் எக்ஸெட்டர் கோட்டை செதுக்கிய ரெஜிமென்ட் சின்னம் இருக்கும். கல்லுக்குக் கல் அதே கோட்டைதான். கீழே உள்ள பெயரும் தேதிக்குப் பக்கத்தில் உள்ள வயதும்தான் மாறும். தேதிகூட அநேகமாக மாறுவதில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு என்.சி.சி. மாணவர்: அங்கே புதைக்கப்பட்ட ஓர் அதிகாரி, தான் எந்த இடத்தில் சாவோம் என்று முன்கூட்டியே களிமண் மாடல் செய்து காட்டினாராமே. யூடியூபில் கேட்டேன். நிஜமா, கட்டுக்கதையா?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

கேப்டன் டங்கன் மார்ட்டின். ஒன்பதாவது டெவன்ஸில் ஒரு கம்பெனியின் தலைவர், வயது 30. போருக்கு முன்னால் ஓவியர். தாக்குதலுக்கு முன் லீவில் ஊருக்குப் போனபோது ராணுவ வரைபடத்தைக் கையோடு கொண்டுபோய், தன் ஆட்கள் கடக்கவேண்டிய நிலத்தை பிளாஸ்டிசின் களிமண்ணில் மேடுபள்ளத்தோடு செய்தார். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் யானை, பாம்பு செய்வார்களே, அதே களிமண்தான். செய்து முடித்துப் பார்த்ததும் அவருக்கு ஒன்று புலப்பட்டது. மான்சல் தோப்பைத் தாண்டி சரிவில் இறங்கும் இடத்தில், எதிரே மாமெட்ஸ் ஊர்க் கல்லறையில் இருக்கும் சிலுவைப் பீடத்தடியில் ஜெர்மானியர் ஒரு இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தால், தன் ஆட்கள் ஒளிய ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. இதைத் தோழர்களிடம் சொன்னார். அங்கே துப்பாக்கி இருந்தது. ஜூலை 1-ஆம் தேதி, மார்ட்டின் அந்தத் தோப்பருகிலேயே, தன் ஆட்களுக்கு முன்னால் விழுந்து செத்தார். ரெஜிமென்ட்டில் நூறு வருஷமாகச் சொல்லிவரும் கதை இது.

“முன்கூட்டியே சாவை அறிந்தார்” என்று யூடியூப்காரர்கள் இதை ஜோசியம் மாதிரி சொல்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். இது ஜோசியம் இல்லை தம்பி, வேலை.

நான் பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் பயிற்சி எடுத்தவன். சாண்ட் மாடல் என்று ஒன்று உண்டு. நீ என்.சி.சி. கேம்பில் பார்த்திருப்பாய். மரச்சட்டம் அடித்து, சலித்த மணல் கொட்டி, மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் காயவைத்துக் காடாகத் தூவுவோம். ஆற்றுக்கு நீலப்பொடி, ரோட்டுக்குச் சுண்ணாம்பு, எல்லைக்குச் சிவப்பு உல்லன் நூல், ஓரத்தில் வடக்கு காட்டும் அம்பு. ஆபீஸர் சாப் நீளக் குச்சியை வைத்துக்கொண்டு பாடம் எடுக்கும்போது பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக ராத்திரி இரண்டு மணிவரை மரத்தூள் தூவியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் உஸ்தாத் ஒரு ஹவில்தார், கோலார் பக்கத்துக்காரர், வேறொன்று கற்றுக்கொடுத்தார். மாடல் முடிந்ததும் எங்களை மண்டிபோடச் சொல்லுவார். எதிரி இருக்கும் இடத்தில் கன்னத்தை மணலோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நம் பக்கம் பார்க்கச் சொல்லுவார். “மேலேருந்து பார்த்தா எல்லா நிலமும் ஒண்ணுதான்டா. கழுகுக்குத்தான் அந்தப் பார்வை. குண்டு கீழேருந்துதான் வரும்.” கன்னத்தில் ஒட்டிய மணலோடு எழுந்திருப்போம், தட்டிவிடக்கூட மறந்துபோகும். நாம் ஒளிந்திருப்பதாக நினைத்த பள்ளம் எதிரிக்குத் தாம்பாளம் மாதிரி தெரியும்.

வரைபடத்தில் சம உயரக் கோடுகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கோடு கண்ணுக்குப் படும். மேடு மனதுக்குப் படவேண்டும். மார்ட்டின் ஓவியர். கை வைத்துப் பிசைந்தவருக்குத்தான் அது பட்டிருக்கும். அவரும் கன்னத்தைச் சாய்த்து அந்தச் சிலுவைப் பக்கமிருந்து பார்த்திருப்பார் என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன். அது என் கற்பனை; அதற்கு நீ பரீட்சையில் மார்க் எதிர்பார்க்காதே.

தோப்பின் ஓரத்தில் நின்று நானும் பார்த்தேன். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மாமெட்ஸ் ஊர்க் கல்லறை தெரிகிறது. நடுவே கோதுமை வயல். ஒரு கிலோமீட்டருக்குள்தான். நிமிஷத்துக்கு நானூறு, ஐந்நூறு குண்டு தள்ளும் துப்பாக்கிக்கு அது தூரமே இல்லை.

தேனியிலிருந்து ஒரு வாசகி: தெரிந்தும் ஏன் போனார்? மேலே சொல்லித் தாக்குதலை வேறு வழியில் மாற்றியிருக்கலாமே?

என் வீட்டுக்காரியும் இதையேதான் கேட்டாள், அங்கேயே, கல்லறை வாசலில்.

ஒரு கம்பெனித் தலைவர் தன் ஆட்களை இடது பக்கமா வலது பக்கமா என்று நகர்த்தலாம். சுமார் 13 டிவிஷன்கள் ஒரே நேரத்தில் எழுந்து நடக்கவேண்டிய திட்டத்தில் தனக்குக் கொடுத்த நிலத்தை மாற்ற முடியாது. பக்கத்து நிலம் பக்கத்து ரெஜிமென்ட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. டெவன்ஸுக்கு வலப்புறம் கார்டன் ஹைலாண்டர்ஸ். அவர்களுக்கும் கீழே ரோட்டோரத்தில் இதே மாதிரி மோர்ச்சாவில் ஒரு கல்லறை இருக்கிறது, அங்கே கற்கள் பிறை மாதிரி வளைந்து நிற்கும்.

மேலதிகாரிகளுக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. ஜூன் 24-ஆம் தேதியிலிருந்து ஏழு நாள், சுமார் 15 லட்சம் பீரங்கிக் குண்டு ஜெர்மன் பக்கம் கொட்டியிருந்தார்கள். எலிகூட மிஞ்சாது என்று நினைத்தார்கள். ஆனால் ஜெர்மானியர் சுண்ணாம்பு மண்ணில் ஆழமாகக் குடைந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். குண்டுமழை நின்றதும் மேலே வந்து துப்பாக்கியை வைத்துக்கொண்டார்கள். ஒரு துப்பாக்கி, இரண்டு மூன்று ஆள். போதும்.

இன்னொரு துரதிர்ஷ்டம். ஒன்பதாவது டெவன்ஸின் முன் மோர்ச்சா ஜெர்மன் பீரங்கியில் சிதைந்துபோயிருந்ததால், சுமார் 250 கஜம் பின்னாலிருந்து கிளம்பவேண்டி வந்தது. முள்கம்பி வரைக்கும் போவதற்கே அவ்வளவு தூரம் வெட்டவெளியில் நடக்கவேண்டும், அதுவும் சரிவில் இறங்கி. இறங்குகிறவனின் முழு உயரமும் எதிரிக்குத் தெரியும்.

(முள்கம்பி என்றதும் ஒரு சொந்தப் பெருமை. கம்பி வேலியைத் தகர்க்கக் குழாய்க்குள் வெடிமருந்து அடைத்து நீட்டும் ‘பெங்களூர் டார்பிடோ’வை 1912-இல் உருவாக்கியவர் எங்கள் மதராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்ளின்டாக். அந்தப் போரில் எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள். ஊர்ப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

ஏன் போனார் என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான், அம்மா: அவர் போகாவிட்டால் அவர் கம்பெனி அவர் இல்லாமல் போயிருக்கும். அந்தத் துப்பாக்கி இருக்கும் இடத்தை முன்பே கணித்த ஆளை விட்டுவிட்டு. என் வீட்டுக்காரிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்கவேண்டும் என்று இல்லை.

திருவையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அங்கே ஒரு கவிஞரும் புதைந்திருப்பதாகப் படித்தேன். அவர் எழுதியது என்ன?

வில்லியம் நோயல் ஹாட்ஜ்சன், லெஃப்டினன்ட். ஒரு பிஷப்பின் மகன். 1915-இல் லூஸ் சண்டையில் மிலிட்டரி கிராஸ் வீரப் பதக்கம் வாங்கியவர். வயது 23. ‘எட்வர்ட் மெல்போர்ன்’ என்ற புனைபெயரில் எழுதினார். ‘தாக்குதலுக்கு முன்’ என்ற அவருடைய கவிதை 1916 ஜூன் 29-இல் லண்டனில் ஒரு வார இதழில் அச்சானது. இரண்டே நாளில் அவர் இல்லை.

கவிதை மூன்று பத்தி. மூன்றும் ஆண்டவனிடம் வேண்டுதலாக முடியும். முதலில், என்னைப் போர்வீரனாக்கு. அடுத்து, என்னை ஆண்மகனாக்கு. கடைசியில், நான் சாக உதவிசெய். அந்த வரிசையைப் பாருங்கள் ஐயா. நாமாக இருந்தால் முதலில் மனிதனாக்கு என்று கேட்டுவிட்டுப் பிறகுதான் வீரனாக்கு என்று கேட்போம். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு அது தலைகீழ். முதலில் வீரனாக்கிவிடுவார்கள், மனிதனாவது அவனவன் பாடு.

அவர் கையெறி குண்டுக்குப் பொறுப்பான அதிகாரி. பிடித்த ஜெர்மன் மோர்ச்சாவில் இருந்த தன் ஆட்களுக்கு குண்டு சப்ளை கொண்டுபோகும்போது கழுத்தில் சுடப்பட்டார். மார்ட்டின் இருக்கும் அதே வரிசையில்தான் இவரும் இருக்கிறார். கவிதையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இவர் கல்லருகில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். சிவப்புக் காகிதப் பூ வைத்த சின்ன மரச்சிலுவைகள் நிறையக் குத்தியிருந்தன. நான் நின்றது மார்ட்டினிடம். ஆளுக்கொரு கட்சி.

புதுச்சேரியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்: “பிடித்து நின்றார்கள்” என்பது கரடுமுரடாக இருக்கிறது. “காத்தனர், இன்றும் காக்கின்றனர்” என்பதல்லவா சரி?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். காப்பது என்றால் யாரோ பறிக்க வரவேண்டும். மான்சல் தோப்பு மோர்ச்சாவைப் பறிக்க ஜூலை 1-ஆம் தேதி யாரும் வரவில்லை. டெவன்ஸ்தான் அதைவிட்டு எழுந்து, எதிரியின் மோர்ச்சாவைப் பறிக்கப் போனார்கள். போன வழியில் விழுந்தவர்களைத் தூக்கிவந்து, கிளம்பிய இடத்திலேயே படுக்கவைத்திருக்கிறது.

ஆகவே நேராகப் பார்த்தால் அந்த வரியின் முதல் பாதி முழுக்கச் சரியில்லை. செத்த அன்று அவர்கள் செய்தது மோர்ச்சாவைப் பிடித்து நின்றது அல்ல. அதற்கு முந்திய நாட்களில் செய்தது அது. இரண்டாம் பாதியோ அட்சரம் பிசகாத உண்மை. எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது. மூன்று நாள் தூங்காதவர்கள், கையில் மண்வெட்டியோடு நின்று யோசித்த வாசகம். கல்லில் இருக்கும் இங்கிலீஷ் சொல் ‘ஹோல்ட்’; ராணுவ உத்தரவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மறு உத்தரவு வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதே. அவர்களுக்கு மறு உத்தரவு வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

யோசிக்க யோசிக்க, “பிடித்து”, “காத்து” இரண்டுமே வேண்டாம் என்று தோன்றுகிறது. “இந்த மோர்ச்சாவில் டெவன்ஷயர்காரர்கள் இருந்தார்கள். இன்னும் இருக்கிறார்கள்.” இது எப்படி? உங்களுக்கு ரொம்பச் சப்பென்று படலாம். பட்டாளத்து ரிப்போர்ட் சப்பென்றுதான் இருக்கும்.

கோவில்பட்டியிலிருந்து, மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருக்கும் ஒரு தாய்: ஏன் அந்தப் பிள்ளைகளை அவரவர் ஊருக்கு அனுப்பவில்லை?

அம்மா, இன்று நம் ராணுவத்தில் மூவர்ணக் கொடி போர்த்தி வீடுவரை கொண்டுவந்து சேர்க்கிறோம். கார்கிலுக்குப் பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு அப்படி இல்லை. போரின் நடுவே, 1915-லேயே, உடல்களை ஊருக்குக் கொண்டுபோவதை பிரிட்டிஷ் ராணுவம் தடைசெய்துவிட்டது. அதுவரை சில பணக்காரக் குடும்பங்கள் தங்கள் பிள்ளையை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தன. கூலித்தொழிலாளியின் மகன் எங்கே போவான்? பணமிருந்தால் ஊர் மண், இல்லாவிட்டால் அந்நிய மண் என்பது கூடாது என்றார்கள். 1917 மே மாதம் போர்க் கல்லறைகளுக்கென்று ஆணையம் அமைந்தபோது, ஃபேபியன் வேர் என்பவர் முன்னின்று இதையே கொள்கையாக்கினார். கர்னலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். மார்ட்டின் கேப்டன், அவருக்குப் பக்கத்தில் கிடக்கும் சிப்பாயின் கல்லும் அதே உயரம்தான். 81 சென்டிமீட்டர். இடுப்புக்குக் கீழே.

இதை எதிர்த்துத் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். என் பிள்ளையை எனக்குக் கொடு என்று. கொடுக்கவில்லை. கல்லின் அடியில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். எழுத்தும் இடைவெளியும் சேர்த்து 66-க்குள். எழுத்துக்கு இவ்வளவு பென்ஸ் என்று முதலில் காசும் கேட்டார்கள். அந்தக் கொள்கை சரிதான் என்று பட்டாளத்துக்காரனாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு தாயின் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் மகன் லீவில் வந்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து முன்னாள் நாயக் ஒருவர்: சாப், வெள்ளைக்காரன் கல்லைப் பார்த்துவிட்டு வந்தீர்களே. நம் ஆட்களுடைய கல் அங்கே இல்லையா?

நாயக், நீ கேட்பாய் என்று தெரியும். இருக்கிறது. அங்கிருந்து வடக்கே, நவ் ஷாப்பெல் என்ற இடத்தில். 1927 அக்டோபர் 7-இல் திறந்தார்கள். தாமரைத் தலைவைத்த 15 மீட்டர்த் தூண், இரண்டு புறமும் கல்லில் செதுக்கிய புலிகள், வட்டமாகச் சுற்றுச்சுவர். கல்லறை தெரியாமல் போன இந்திய வீரர்கள் 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அதில் இருக்கிறது. சோம் பகுதியிலேயே, மாமெட்ஸ் பிடிபட்டு இரண்டு வாரத்தில், ஜூலை 14-ஆம் தேதி, நம் டெக்கான் ஹார்ஸ் குதிரைப்படை ஹை வுட் என்ற காட்டுப்பக்கம் ஈட்டியோடு பாய்ந்தது. இயந்திரத் துப்பாக்கி காலத்தில் குதிரை! நம் மதராஸ் சாப்பர்ஸ் அந்தப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) பாலம் கட்டிக்கொண்டும் ரோடு போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அது தனிக் கதை; அதற்குத் தனியாகக் கடிதம் போடு.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: அந்த ரெஜிமென்ட் இன்னும் இருக்கிறதா? நமக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

அதே பெயரில் இல்லை. 1958-இல் பக்கத்து மாவட்டமான டார்செட் ரெஜிமென்ட்டோடு சேர்த்தார்கள். 2007-இல் அதையும் ‘தி ரைஃபிள்ஸ்’ என்ற பெரிய ரெஜிமென்ட்டில் கரைத்துவிட்டார்கள்.

சம்பந்தம் உண்டு, அதுவும் டார்செட் வழியாக. அவர்களுடைய பழைய பெயர் 39-ஆம் காலாட்படை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கூலிப்படையாக இல்லாமல், ராஜாவின் பட்டாளமாக இந்தியாவுக்கு முதலில் வந்தவர்கள் என்பதால் ‘இந்தியாவில் முதலாமவர்’ என்று லத்தீனில் ஒரு வாசகத்தைச் சின்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 1754-இல் அவர்கள் வந்து இறங்கிய கரை எது தெரியுமா? நம் சென்னை. டெவன்ஸும் கிழக்கே வந்திருக்கிறார்கள். 1944 ஏப்ரலில் இம்பாலுக்குத் தென்கிழக்கே நிப்பான் ஹில் என்ற மேட்டை ஜப்பானியரிடமிருந்து பிடித்தது முதலாவது டெவன்ஸ்தான்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மாணவி: அந்தக் கல்லறையில் வருகைப் பதிவேடு இருக்குமாமே. நீங்கள் என்ன எழுதினீர்கள், தாத்தா?

வெண்கலக் கதவு போட்ட ஒரு சின்ன மாடத்துக்குள் வைத்திருக்கிறார்கள், கண்ணு. பெட்டியைத் திறந்தால் புதைந்தவர்களின் பட்டியல் ஒன்று, வந்தவர்கள் எழுத ஒரு நோட்டு. முன்பக்கங்களில் எல்லாம் இங்கிலீஷில் ‘நன்றி’, ‘மறக்கமாட்டோம்’ என்றே இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் பெயர் எழுதியிருந்தார்கள்.

நான் என் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதினேன். அந்த வரிசையில்தான் எனக்கு எழுத வரும். குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெளியே மழை பிடிக்கப் பார்த்தது, மருமகன் கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். தமிழிலேயே எழுதினேன். “கேப்டன் மார்ட்டின் சாப், மாடல் சரியாக இருந்தது.” அதற்குள் பேனா மை மங்கிவிட்டதால் கடைசி வார்த்தையின் மேல் இரண்டு தடவை கிறுக்கவேண்டியதாயிற்று.